வசந்தாமணி கேட்ட ஒரு மணி நேரம்

நம் ஊர்க்காரர்களைத் தீவுக்குக் கூட்டிப் போகும்போது கடல் அவ்வளவாகத் தொந்தரவு கொடுக்காது. படகில் ஏற்றுவது, மணலில் புதையும் சக்கர நாற்காலி, விடுதிக் குளியலறையின் வாசற்படி, இதெல்லாம் இரண்டு மூன்று பயணங்களில் உங்கள் கைக்கு வந்துவிடும். ஆளைப் படுத்தி எடுப்பது மரியாதை. கோயமுத்தூர் மரியாதையைச் சமாளிக்கத் தெரிந்தவர் எந்தத் தீவிலும் பிழைத்துக்கொள்வார்.

நடக்கச் சிரமப்படுகிறவர்களுக்கென்றே தனியாகப் பயணம் போடலாம் என்று நான் ஆரம்பித்தபோது எங்கள் சுற்றுலா ஆபீஸில் சிரித்தார்கள். ‘முட்டிவலி எக்ஸ்பிரஸ்’ என்று பெயரும் வைத்தார்கள். இப்போது வடவள்ளியில் வீட்டோடு இருக்கிறேன். என் முட்டியும் அந்த எக்ஸ்பிரஸில் ஏறுகிற பதத்துக்கு வந்துவிட்டது. புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். எங்கே பிடிப்பது, எப்படித் தூக்குவது என்பதைப் பயிற்சியில் சொல்லிவிடுவார்கள். எப்போது பிடிக்கக் கூடாது என்பதை யாரும் சொல்ல மாட்டார்கள். அதனால் ஒரே ஒரு பயணத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

கிளம்புவதற்கு முன் ஒவ்வொருவரின் வீட்டுக்கும் நேரில் போய்ப் பார்ப்பது என் வழக்கம். நீங்களும் போங்கள். போனில் கேட்டால் எல்லோரும் ‘ஒண்ணும் பிரச்சினை இல்லீங்க’ என்றுதான் சொல்வார்கள். வீட்டில் போய் உட்கார்ந்து ஒரு காப்பி குடித்தால், எந்தக் கையை ஊன்றி எழுந்திருக்கிறார்கள், யார் முகத்தைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்கிறார்கள் என்பதெல்லாம் தெரிந்துவிடும். இரண்டாவதுதான் முக்கியம்.

அப்படித்தான் பெருந்துறைக்குப் போனேன். வீட்டின் முன்பக்கத்திலேயே ஒரு தையல் கடை. வசந்தாமணிக்கு ஐம்பதை ஒட்டிய வயது. சின்னக் குழந்தையிலேயே போலியோ வந்து இரண்டு கால்களும் விழுந்துவிட்டன. தொடைவரை இரும்புச் சட்டம் மாட்டியிருந்தார்; காலிப்பர் என்போம். அதை மாட்டிக்கொண்டால் ஊன்றுகோலோடு நாலெட்டு நடப்பார். மீதித் தூரத்துக்கெல்லாம் தம்பி பழனிச்சாமி. நல்ல திடகாத்திரமான மனிதர், சிப்காட்டில் ஒரு கம்பெனியில் வேலை. கேட்பது, சொல்வது எதுவும் கிடையாது. அக்கா ஊன்றுகோலைத் தேடுகிறாள் என்று தெரிந்தாலே வந்து தூக்கிவிடுவார். அவ்வளவு பாசம். பார்க்கிறவர்களுக்குக் கண் கலங்கும்.

“தீவுல என்னங்க பாக்கோணும்?” என்று கேட்டேன்.

வசந்தாமணி தம்பியைப் பார்த்தார். “எதா இருந்தாலும் சரிங்க” என்றார்.

பழனிச்சாமி எனக்கு முறுக்கு வாங்கிவரக் கடைக்குப் போனார். வேண்டாம் என்று மூன்று முறை சொன்னேன். நம் ஊரில் அது செல்லாது. அவர் செருப்புச் சத்தம் தெருவில் இறங்கியதும் வசந்தாமணி தையல் மெஷினை நிறுத்தினார்.

“அம்மணி, ஒண்ணு கேக்கறேன், சிரிக்கக் கூடாதுங்க.”

“சொல்லுங்க.”

“ஒரு மணி நேரம் எனக்குப் பக்கத்துல யாரும் இருக்கக் கூடாதுங்க. கடல் மட்டும் இருந்தாப் போதும். முடியுமுங்களா?”

எனக்கு முதலில் புரியவில்லை. அவரே சொன்னார். பிறந்ததிலிருந்து அவர் தனியாக இருந்ததே இல்லை. சின்ன வயதில் அம்மா, பிறகு தம்பி. கடையில் ஒரு பெண் கூடமாட இருக்கிறாள். இரவில் தம்பி மகள் பக்கத்தில் படுத்துக்கொள்கிறாள். குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே நின்று ‘ஆச்சா, ஆச்சா’ என்று ஒரு குரல். எல்லோரும் அன்பானவர்கள். யாரையும் குறை சொல்ல வழியில்லை.

“தனியா இருந்தா எப்பிடி இருக்கும்னே எனக்குத் தெரியாதுங்க. பயமா இருக்குமோ என்னமோ. அதயும் பாத்துப்போடலாம்னு.”

“தம்பிகிட்டச் சொல்லலாமுல்லங்க?”

“அய்யோ, வேண்டாமுங்க. நா பக்கத்துல இருக்கறது இவளுக்குப் பாரமாப் போச்சான்னு நெனச்சுக்குவான். அவன் மனசு நோகக் கூடாதுங்க.”

பழனிச்சாமி முறுக்கோடு வந்துவிட்டார். மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது. எங்கள் தொழிலில் கோயில் கேட்பார்கள், கடலைக் கேட்பார்கள், மெத்தையில்லாத கட்டில் கேட்பார்கள். ஒரு மணி நேரம் ஆளில்லாத இடம் கேட்டவர் அவர் ஒருவர்தான். சரி, செய்து கொடுத்துவிடலாம், இதில் என்ன பெரிய காரியம் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

அந்தமானுக்கு அந்தத் தடவை எங்களோடு வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். கோட்டைமேட்டில் பாத்திரக் கடை வைத்திருக்கும் ஜமால் பாய், அவர் மனைவி மும்தாஜ். இருவருக்கும் முட்டி போய்விட்டது, பேச்சு போகவில்லை. சூலூரிலிருந்து ஒரு வயதான தம்பதி, ஆளுக்கொரு வாக்கர். பிறகு அக்காவும் தம்பியும். யாரும் அதற்கு முன் கடல் தாண்டியதில்லை. விமானம் தரையிறங்கும்போது கீழே தெரிந்த பச்சையைப் பார்த்து மும்தாஜ் அம்மா, “வால்பாறைய யாரோ தண்ணிக்குள்ள வெச்சுப்போட்டாங்களாட்டம் இருக்குதுங்க” என்றார்.

தீவில் பொழுது நம் ஊர்ப் பொழுது மாதிரி நடக்காது. நாம் புரண்டு படுக்கிற நேரத்தில் அங்கே நன்றாக விடிந்திருக்கும். மாலைக் காப்பிக்கு உட்காரும்போது இருட்ட ஆரம்பித்துவிடும். நடுவில் இருக்கிற பகல் முழுவதும் அரைத் தூக்கத்தில் இருப்பது போலவே இருக்கும். தண்ணீர் காலையில் ஒரு நிறம், கண்ணை மூடித் திறந்தால் வேறொரு நிறம். கரையில் உட்கார்ந்தால் எதற்காக வந்தோம் என்பது மறந்துபோகும். மெதுவாக நடக்கிறவர்களுக்கென்றே செய்து வைத்த ஊர் அது. வேகமாக நடக்கிறவர்கள் அங்கே போனால் பாதியைப் பார்க்காமல் திரும்பி வருவார்கள்.

இப்படிப்பட்ட இடத்தில் ஒருவரைத் தனியாக விடுவது எவ்வளவு சுலபம் என்று நினைக்கிறீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

முதல் நாள் கடற்கரைப் பூங்காவில் வசந்தாமணியை ஒரு பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, பழனிச்சாமியை அருங்காட்சியகத்துக்கு அனுப்பினேன். அவர் நகர்ந்ததும் ஜமால் பாய் வந்து பெஞ்சின் மறுபக்கம் உட்கார்ந்தார். “அம்மணி தனியா உக்காந்திருக்கறாங்க, நா தொணைக்கு இருக்கறனுங்க” என்றார். பித்தளை அண்டா காலத்திலிருந்து பிளாஸ்டிக் குடம் காலம்வரை முழுக் கதையையும் சொன்னார். வசந்தாமணி முகம் கோணாமல் கேட்டார். மறுநாள் படகுத்துறையில் மும்தாஜ் அம்மா. அதற்கு மறுநாள் சூலூர் அம்மா ஒப்பிட்டுப் போளி டப்பாவைத் திறந்துகொண்டு வந்துவிட்டார். ஒருவரை நகர்த்தினால் அடுத்தவர். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே அஞ்சு பூசாரிகள், அத்தனை பேரும் தங்கமானவர்கள்.

வசந்தாமணி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது இன்னும் சங்கடமாக இருந்தது. சாப்பிடும்போது என்னைப் பார்ப்பார், லேசாகச் சிரிப்பார். பரவாயில்லை, எனக்குப் பழக்கம்தான் என்கிற சிரிப்பு. உங்கள் கண் முன்னால் யாராவது அப்படிச் சிரித்தால் சும்மா விடாதீர்கள். அதைவிடத் திட்டு வாங்குவது மேல்.

கடைசி இரண்டு நாளுக்குச் சின்னத் தீவு ஒன்றுக்குப் போனோம். அந்தக் கரையின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அடுத்த மாதமே நீங்கள் நாற்பது பேரோடு போய் நிற்பீர்கள். நீளமான வெள்ளை மணல், நடுவில் ஒரு வளைவு. வளைவுக்கு இந்தப் பக்கம் தகரக் கூரை போட்ட இளநீர்க் கடை. அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை. காட்டு மரங்கள் கடல் பக்கமாகச் சாய்ந்து நிற்கும். தண்ணீர் மார்கழி வானம் மாதிரி வெளிறிய நீலத்தில் கிடக்கும். அலை என்று சொல்லவே கூச்சமாக இருக்கும், அவ்வளவு மெல்ல வந்து போகும்.

காலையிலேயே தனியாகப் போய் அந்த இடத்தைப் பார்த்து வைத்தேன். தண்ணீர் ஏறி வந்து குப்பை ஒதுக்கிய கோடு எங்கே இருக்கிறது, கடல் எப்போது இறங்கத் தொடங்கும், முதலை எட்டிப் பார்க்காத கரைதானா என்று கடைக்காரப் பெண்ணிடம் என் ஓட்டை இந்தியில் விசாரித்தேன். தென்னை மரத்தடியைத் தவிர்த்தேன். தென்னை வளர்க்கிற ஊரிலிருந்து வந்துவிட்டு அதன் அடியில் ஒருவரை உட்கார வைப்பது மடத்தனம். மத்தியானத்துக்கு மேல் கடல் இறங்கும் என்று தெரிந்தது. அந்த நேரத்தைக் குறித்துக்கொண்டேன்.

மத்தியானம் எல்லோரும் கடைக்கு வந்து சேர்ந்தோம். பழனிச்சாமியும் நானும் வசந்தாமணியைச் சக்கர நாற்காலியோடு வளைவுக்கு அந்தப் பக்கம் தூக்கிப் போய், உறுதியான மணலில் வைத்தோம். படகில் கொடுத்திருந்த மிதவைச் சட்டையில் ஒரு விசில் தொங்கும். கடைக்காரப் பெண்ணிடம் அப்படி ஒரு சட்டை இருந்தது. அந்த விசிலைக் கழற்றி வாங்கி வசந்தாமணியின் கழுத்தில் மாட்டினேன். ஊதச் சொல்லிவிட்டு, கடைவரை போய்க் கேட்டுப் பார்த்துத் திரும்பினேன். நன்றாகக் கேட்டது.

பழனிச்சாமி மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

“நீங்க போங்க அம்மணி. நா அக்காகூட இருக்கறேன்.”

என் வாயில் ஒரு பொய் தயாராக இருந்தது. நாளைய படகுக்கு உங்கள் அடையாள அட்டையை உடனே காட்ட வேண்டும், விடுதிக்கு வாருங்கள் என்று சொல்லலாம். அவரும் வந்திருப்பார். ஆனால் அந்த மனிதரை ஏமாற்றி அனுப்பினால் அந்த ஒரு மணி நேரமும் திருடியதாகிவிடும் என்று தோன்றியது. வசந்தாமணியைப் பார்த்தேன். நான் அவருக்காகப் பேசப் போவதில்லை என்பது அவருக்குப் புரிந்திருக்க வேண்டும்.

“பழனி, நீ போடா. எனக்குத் தொணை வேண்டாம்.”

“இருக்கட்டும்க்கா. எனக்கென்ன வேல?”

“வேண்டாம்டா.”

“நீ தனியா எப்பிடி இருப்பே? நா அந்தப் பக்கமாத் திரும்பி உக்காந்துக்கறேன்.”

“பழனி, எனக்கு இது வேணும்டா. ஆரும் இல்லாம ஒரு மணி நேரம் இருக்கோணும். நீயும் வேண்டாம்.”

பழனிச்சாமி எழுந்தார். வேட்டியிலிருந்த மணலைத் தட்டினார், மறுபடி தட்டினார். வளைவைப் பார்த்து நடந்தார். அவர் முதுகைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. ஆனாலும் அவர் பின்னாலேயே நானும் நடந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. மரத்துக்குப் பின்னால் ஒளிந்து பார்த்துக்கொள்ளலாம் என்று உங்களுக்குத் தோன்றும். தோன்றினால் அங்கேயே அடக்குங்கள். ஒளிந்து பார்க்கிற ஆள் இருந்தால் அது தனிமை ஆகாது.

கடையில் எல்லோரும் இளநீர் குடித்தார்கள். அந்தம்மாவுக்கு ஒன்று கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று மும்தாஜ் அம்மா எழுந்தார். உட்கார வைத்தேன். வெயிலுக்குக் குடை என்று சூலூர் ஐயா எழுந்தார். அவரையும் உட்கார வைத்தேன். எல்லோர் முகத்திலும், இவள் என்ன இப்படிக் கல்நெஞ்சக்காரியாக இருக்கிறாள் என்பது எழுதி ஒட்டியிருந்தது. பழனிச்சாமி மட்டும் யாரையும் பார்க்காமல் மணலில் குச்சியால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் எல்லோருக்கும் கண் சொக்கியது. தண்ணீரின் வெளிச்சம் தகரத்தின் அடியில் ஆடிக்கொண்டிருந்தது. பேச்சு தானாகவே நின்றுபோனது.

பாதி நேரம்கூட ஆகியிருக்காது. மழை வந்துவிட்டது.

தீவு மழை சொல்லிவிட்டு வராது. கடலின் தூரத்து ஓரம் சாம்பலாகும், என்ன என்று பார்ப்பதற்குள் நம் தலையில் இருக்கும். தகரத்தில் விழுந்த சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்கவில்லை. பழனிச்சாமி குச்சியைப் போட்டுவிட்டு எழுந்தார். நான் குறுக்கே போய் நின்றேன்.

“அவங்க ஊதலீங்க.”

“நனையறாளுங்க அம்மணி!”

“நனையட்டும். வேணும்னா ஊதுவாங்க.”

“இந்தச் சத்தத்துல விசில் எங்கீங்க கேக்கும்? ஊதிட்டே இருக்கறாளோ என்னமோ!”

அவர் சொன்னது சரி. காலையில் எல்லாவற்றையும் யோசித்த நான் தகரத்தில் விழும் மழையை யோசிக்கவில்லை. மும்தாஜ் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “மழையில ஒரு பொம்பளைய உட்டுப்போட்டு நாம கூரைக்குக் கீழ நிக்கறது நல்லாயிருக்குங்களா?” என்றார். இடி ஒன்று கேட்டிருந்தால் யார் விசிலுக்கும் காத்திருக்க மாட்டேன், நானே ஓடியிருப்பேன். காது கொடுத்துக் கேட்டேன். இடி இல்லை. காற்றும் இல்லை. கடல் இறங்கிக்கொண்டுதான் இருந்தது. இருந்தது ஒரே ஓர் ஆபத்து, அவர் கூப்பிட்டு எனக்குக் கேட்காமல் போவது.

கூரையை விட்டு வெளியே வந்து மழையில் நடந்தேன். வளைவின் மூக்குவரை போய் நின்றேன். அங்கே தகரச் சத்தம் இல்லை. மணலில் விழும் மழைக்குச் சத்தமே கிடையாது. ஓர் அடி எடுத்து வைத்தால் அவரைப் பார்க்கலாம். எடுத்து வைக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டு நின்றேன்.

பழனிச்சாமி பின்னாலேயே ஓடி வந்தார். என்னைத் தாண்டப் போனார்.

“நில்லு!” என்று அவர் கையைப் பிடித்தேன். வயதில் அவ்வளவு சின்னவர் இல்லாத ஒருவரை மரியாதையில்லாமல் பேசியது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

அவர் நிற்கவில்லை. கையை உதறிக்கொண்டு ஓர் அடி எடுத்து வைத்தார். அப்போது பின்னாலிருந்து ஜமால் பாயின் குரல் வந்தது. தடியை ஊன்றி, மழையில் முழுக்க நனைந்து, மணலில் தள்ளாடிக்கொண்டு வந்து நின்றிருந்தார்.

“தம்பி, என்ற முட்டி நிக்க மாட்டேங்குதுங்க. உளுந்துபோடுவேன். கொஞ்சம் தோளு குடுங்க.”

பழனிச்சாமி திரும்பினார். வயதான மனிதர் ஒருவர் விழப் போகிறேன் என்கிறார். நம் ஊர் ஆள் என்ன செய்வார்? தோளைக் கொடுத்தார். பாய் அந்தத் தோளில் இரண்டு கையையும் போட்டுக்கொண்டார். பிறகு விடவேயில்லை. அந்த முட்டி அன்றைக்கு நிஜமாகவே மக்கர் பண்ணியதா என்று நான் இன்றுவரை பாயிடம் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்.

“பத்து வயசுல இருந்து அவளத் தூக்கறனுங்க” என்றார் பழனிச்சாமி. அழுதாரா, மழையா என்று தெரியவில்லை. “நான் வேண்டாம்னு சொல்லிப்போட்டாளுங்க.”

“தெரியுதுங்க தம்பி. தோளு நல்லாத் தாங்குது” என்றார் பாய். “அக்கா எங்கயும் போகலீங்க. கொஞ்ச நேரம் அவங்க பாட்டுக்கு இருக்கறாங்க. அவ்வளவுதானுங்களே.”

திரும்பிப் பார்த்தால் மும்தாஜ் அம்மா சேலைத் தலைப்பைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு வருகிறார். அவருக்குப் பின்னால் சூலூர் ஐயாவும் அம்மாவும் வாக்கரை மணலில் அழுத்தி அழுத்தி. நான் அதட்டினேன். “அந்தம்மா நனையறப்ப நாம மட்டும் நனையாம இருந்தா நல்லாவாங்க இருக்கும்?” என்றார் சூலூர் அம்மா. எதற்காக நிற்கிறோம் என்று அவருக்கு முழுதாகத் தெரியுமோ என்னவோ, நிற்க வேண்டும் என்பது தெரிந்திருந்தது. வளைவுக்கு இந்தப் பக்கம் வரிசையாக நின்றோம். கடலும் வானமும் ஒன்றாகிப்போய், தண்ணீர் எங்கே முடிகிறது, மழை எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. முட்டி வலியும் வாக்கரும் எங்கேயோ போய், எல்லோரும் அந்தச் சாம்பல் நிறத்துக்குள் மிதந்துகொண்டிருந்த மாதிரி இருந்தது. இத்தனை வருடத் தொழிலில் எத்தனையோ தீவுகளைக் காட்டியிருக்கிறேன். ஒரு தீவில் நான் இருந்தேன் என்று எனக்கே நிச்சயமாகத் தெரிவது அந்த மழையில் மட்டும்தான்.

விசில் சத்தம் வரவில்லை.

மழை வந்த மாதிரியே போயிற்று. வெயில் மறுபடி வந்து மணலில் ஆவி கிளம்பியது. சொன்ன நேரம் ஆனதும் நான் தலையசைத்தேன். பழனிச்சாமி பாயை என் பக்கம் பத்திரமாக நிறுத்திவிட்டு, அதையும் மறக்கவில்லை பாருங்கள், ஓடினார். வளைவைத் தாண்டியதும் அவர் கால் அப்படியே நின்றுவிட்டது. நானும் எட்டிப் பார்த்தேன். நாற்காலியில் ஆள் இல்லை.

என் உயிர் ஒரு கணம் போய் வந்தது. பிறகுதான் மணலில் தெரிந்த தடம் கண்ணில் பட்டது. நாற்காலியிலிருந்து கடலை நோக்கி அகலமாக ஓர் இழுவை, இரண்டு பக்கமும் உள்ளங்கை பதிந்த குழிகள். தடத்தின் முடிவில் வசந்தாமணி உட்கார்ந்திருந்தார். காலிப்பரைக் கழற்றிப் பக்கத்தில் போட்டிருந்தார். தலைமுடி அவிழ்ந்து முதுகெல்லாம் ஒட்டிக் கிடந்தது. மெலிந்த இரண்டு கால்களும் ஈர மணலில் நீட்டியிருந்தன. இறங்கிப்போன கடல் அவருக்கு முன்னால் இன்னும் தூரமாகப் போய்க்கொண்டிருந்தது.

“ஏன்டா இப்பிடி ஓடி வாரே?” என்றார்.

“ஏனக்கா, இத்தன மழைல ஒருக்கா ஊதியிருக்கக் கூடாதா?”

“எதுக்கு ஊதோணும்? மழதான பேஞ்சுது.”

“பயமா இல்லியா?”

“மொதல்ல இருந்துது. அப்பறம் அதுவும் போயிருச்சு.”

பழனிச்சாமி மூச்சு வாங்க நின்றார். நான் எட்டவே நின்றுகொண்டேன்.

“நா இல்லாம நல்லா இருந்துதாக்கா?”

அவர் மனசு நோகக் கூடாது என்று பெருந்துறையில் என்னிடம் சொன்னவர் வசந்தாமணி. ஒரு சின்னப் பொய் போதும், எல்லோரும் சந்தோஷமாக வீடு போய்ச் சேரலாம். தம்பியின் முகத்தை நிமிர்ந்து பார்த்தார்.

“ரொம்ப நல்லா இருந்துதுடா.”

பழனிச்சாமி கடலைப் பார்த்தார். பிறகு வழக்கம்போலக் குனிந்து, கையை அக்காவின் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். கை பாதியில் நின்றது.

“தூக்கட்டுமாக்கா?”

அந்த மனிதர் கேட்டு நான் அதுவரை பார்த்ததில்லை. வசந்தாமணியும் பார்த்ததில்லை போலிருக்கிறது. விரலால் ஈர மணலை அளைந்துகொண்டிருந்தார்.

“இன்னும் கொஞ்ச நேரம் போகட்டும்டா. நா கூப்படறேன்.”

“சரிக்கா” என்றார் பழனிச்சாமி. காலிப்பரை எடுத்து மணலை உதறினார். வேட்டி நுனியால் துடைத்தார். அக்காவின் கைக்கு எட்டுகிற இடமாகப் பார்த்து வைத்துவிட்டு, எங்களை நோக்கி நடந்து வந்தார்.